நிசக் கல்லறையும் ரயில் ஓடும் கல்லறையும்

நாஞ்சில் நாட்டுப் பிள்ளைகளைச் சிங்கப்பூருக்குக் கல்விச் சுற்றுலா கூட்டிப்போனால் செந்தோசாவின் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் தப்பாது. 2010-இல் திறந்த அந்தப் பூங்காவில் பழைய எகிப்து உண்டு; இருட்டுக்குள் ரயிலேறி மம்மிக்குப் பயப்படலாம். வரலாறு முடிந்தது. இங்கே சொந்த மண்ணிலோ, 1741-இல் குளச்சலில் திருவிதாங்கூர் படையிடம் சிக்கிய டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய், பிறகு அதே படைக்குத் தளபதியாகி, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் அடக்கமாகியிருக்கிறார். அது நிசக் கல்லறை. யாரையும் பயமுறுத்தாது என்பதே அதன் குறை. உயரம் வேண்டுமென்றால் மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி. பாஸ்போர்ட் கேட்காததால் மதிப்பில்லை. எல்லை தாண்டும் அனுபவம்தான் முக்கியம் என்றால் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது: தமிழ்நாட்டு மண்ணில் நின்றுகொண்டே கேரள அரசிடம் சீட்டு வாங்கலாம்.

விமானம், இமிகிரேஷன், வேற்றூர் ஒழுங்கு எல்லாம் பாடமில்லையா என்பார்கள். பாடம்தான். வரிசையில் பொறுமையாக நிற்பதை வடசேரி பஸ் நிலையத்தில் கற்க வழியில்லை என்பதும் உண்மை. பிள்ளைகள் ஒருநாள் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்றால், அதையும் யார் மறுக்கிறார்கள்? ஆனால் சந்தோஷத்துக்கு வாங்கிய பணத்துக்குக் கல்வி என்று ரசீது எழுதினால், கணக்கில் முதலில் தோற்பது பள்ளிக்கூடம்தான்.