புல்லின் மேல் யாருக்கு அதிகாரம்? ஓர் எல்லையோர ஆராய்ச்சி

கேரளத்தின் தமிழ்நாட்டு எல்லையோரப் பாறசாலையில் கோல்ஃப் மைதானம் கிடையாது. அதனால்தான் இந்த ஆராய்ச்சிக்கு இதைவிடத் தகுந்த ஊர் இல்லை. பங்காளிச் சண்டையில் மத்தியஸ்தம் பேச, சொத்தில் பங்கில்லாத ஆள்தான் வேண்டும்.

ஆய்வு வினா இது: தனியார் கோல்ஃப் கிளப்பில் புல்லை எவ்வளவு உயரத்துக்கு வெட்டுவது, எப்போது தண்ணீர் விடுவது, எந்தக் கிழமை மைதானத்தைப் பூட்டுவது என்பதையெல்லாம் தீர்மானிக்க வேண்டியவர் யார்? உரிமை கொண்டாடுகிறவர்கள் நால்வர்: கிளப் கேப்டன், மைதானக் குழு, சந்தா கட்டும் உறுப்பினர், குனிந்து வேலை செய்யும் புல்காரர். முதல் மூவருக்கும் அபிப்பிராயம் உண்டு. நாலாமவருக்கு முதுகுவலி உண்டு.

கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். ஏறக்குறைய ஒரு சிரட்டை வாய். பந்து அதற்குள் விழாதபோது தன் கையைக் குறை சொன்ன கோல்ஃபர் எவரும் இந்த ஆய்வாளர் கண்ணில் படவில்லை. பழி புல்லின் மேல் விழும். புல்லுக்குச் சம்பளம் இல்லாததால் அங்கிருந்து புல்காரர் தலைக்கு இறங்கும்.

இந்த நோய் ஏப்ரலில் தொலைக்காட்சி வழியே பரவுகிறது. அமெரிக்காவின் அகஸ்டாவில் மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும். கண்ணாடிமேல் உருள்வதுபோலப் பந்து உருளும். அந்தக் கிளப் கோடை முழுக்க மைதானத்தை மூடிவைக்கிறது என்பதைக் கேமரா காட்டாது. நம் கிளப்பில் மறுநாளே குழு கூடி, "மூன்று மில்லிமீட்டருக்கு வெட்டுங்கள்" என்று தீர்மானம் போடும். இலையை ஒட்ட வெட்டினால் வேர் குட்டையாகும், வேர் குட்டையானால் வெயிலைத் தாங்காது, புல் பழுக்கும். மே மாதம் புல்காரருக்கு மெமோ போகும். தீர்மானம் போட்டவர்களுக்கு மெமோ கொடுக்க எந்தக் கிளப்பின் விதியிலும் இடம் வைக்கவில்லை என்றே தோன்றுகிறது.

இத்தனைக்கும் அந்தப் புல் யார்? வெப்ப நாடுகளின் மைதானங்களில் 'பெர்முடா' என்ற பேரில் சீராட்டப்படுவது நம் அருகம்புல்தான். விலையுயர்ந்த ரகங்கள் பல அதன் கலப்பின வாரிசுகள். ஆக, இந்தப் புல்லின்மேல் முதல் பாத்தியதை பிள்ளையாருக்கு. அவர் இதுவரை எந்தக் குழுக் கூட்டத்துக்கும் வந்து ஆட்சேபம் சொன்னதில்லை.

முன்னுதாரணம் தேடி ஸ்காட்லாந்து வரை போகலாம். அதற்கு முன் உத்திரமேரூரில் இறங்குவது நல்லது. பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகளில் தோட்ட வாரியம் என்றே ஒரு குழு இருக்கிறது. உறுப்பினர் 12 பேர், குடவோலையில் தேர்வு, வயது 35-க்கு மேல், 70-க்குள், பதவி ஓராண்டு. கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினனும் மறுபடி நிற்க முடியாது. தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் இருந்து பழகியவர்களைத்தான் பெரிய பொறுப்பான சம்வத்சர வாரியத்துக்கு எடுத்தார்கள். முதலில் மண், பிறகு மேடை. நம் கிளப்புகளில் வரிசை தலைகீழ்: முதலில் கேப்டன் ஆகிறார்கள், பிறகுதான் புல் பச்சையா பழுப்பா என்று பார்க்கிறார்கள்.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு 1864-இல் டாம் மோரிஸ் என்பவரைப் புல்காரராக அழைத்துவந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு ஓய்வு என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். அங்குள்ள பழைய மைதானம் ஞாயிறுகளில் இன்றும் பொதுவாக மூடித்தான் கிடக்கிறது. அந்த மைதானம் எந்தக் கிளப்புக்கும் சொந்தமில்லை. நிர்வாகம் 1974 முதல் ஓர் அறக்கட்டளையிடம் இருக்கிறது. கிளப்புக்காரர்கள் வந்து ஆடிவிட்டுப் போகிறார்கள்.

நம் மாவட்டச் சான்று கவடியாரில் இருக்கிறது. 1850-ஐத் தன் பிறந்த ஆண்டாகச் சொல்லிக்கொள்ளும் திருவனந்தபுரம் கோல்ஃப் கிளப்புக்கு 9 குழிகள். நிலம் யாருடையது என்று அரசுக்கும் கிளப்புக்கும் நெடுநாள் இழுபறி. பிறகு இந்திய விளையாட்டு ஆணையமும் உள்ளே வந்தது. பெரியவர்கள் பத்திரத்தைப் புரட்டிக்கொண்டிருந்த நாட்களிலும் புல் வளர்ந்தது, யாரோ வெட்டினார்கள். எல்லையோரத்துக்காரர்களான நமக்கு இது புதிதல்ல. 1956 நவம்பர் 1-இல் மாநில எல்லை பிரிந்தபோது விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நெய்யாற்றின்கரை கேரளப் பக்கம் நின்றது. நெய்யாறு இடதுகரைக் கால்வாய்த் தண்ணீருக்காக இரண்டு மாநிலங்களும் கடிதம் எழுதி, வழக்காடி ஓய்ந்துவிட்டன. தண்ணீர் வருமா வராதா என்பதை முடிவு செய்வது கடைசியில் ஷட்டர் பக்கத்தில் நிற்பவர்தான். கோல்ஃப் மைதானத்திலும் குழாயைத் திறப்பவருக்குத்தான் நிஜ அதிகாரம், மற்றவர்களுடையது லெட்டர்ஹெட்.

களஆய்வு களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் ஒரு கோயில் திடலில் நடந்தது. திருவிழாவுக்கு முன் புல் வெட்டிக்கொண்டிருந்த பெரியவரைச் சுற்றிக் கமிட்டிக்காரர்கள் ஐந்து பேர் நின்று, ஐந்து உயரம் சொன்னார்கள். அவர் அரிவாளைத் தொடையில் துடைத்தார், ஒரு தாளைப் பிடுங்கி நகத்தால் கீறிப் பார்த்தார், வாயில் வைத்துக் கடித்தார். "ஈரம் காயல. நாளைக்குத்தான் வெட்டணும்" என்று எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்.

"அண்ணே, கமிட்டி இன்னைக்குத்தானே வெட்டச் சொல்லுது?" என்றேன்.

"மக்கா, கமிட்டி சொன்னா புல்லு காயுமா?"

ஆய்வின் முடிவு வருமாறு. புல்லின் உயரம், தண்ணீர், மைதானம் மூடும் நாள் மூன்றும் புல்காரருடைய முடிவு. அதில் கேப்டனுக்குக் கூடக் குரல் இல்லை. பணம் எவ்வளவு என்பது குழுவின் முடிவு. அதையும் ஆண்டுக்கு ஒருமுறை சொல்லிவிட்டு, அடுத்த ஆண்டு வரை அவர்கள் அந்தப் பக்கம் வரக்கூடாது. உறுப்பினர்களுக்கும் வாக்குரிமை உண்டு: கேன்டீன் சாயாவில் சீனி எவ்வளவு என்பதில் மட்டும்.