கல்லாய்ச் சமைந்த பலகைகள்

அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த மவுண்ட் வெர்னன் மாளிகை, வர்ஜீனியாவில் பொடோமாக் ஆற்றங்கரையில் வெண்கல் கட்டடத்தின் மிடுக்கோடு நிற்கிறது. ஆயினும் அதன் சுவரை விரல் மடக்கித் தட்டினால் கதவைத் தட்டிய ஓசையே கேட்கும், ஏனெனில் அது பைன் மரப் பலகையால் போர்த்திய சுவர்.

1750களின் பிற்பகுதியில் வீட்டைப் பெரிதாக்கியபோது அவர் கைக்கொண்ட முறைக்கு 'ரஸ்டிகேஷன்' என்று பெயர். செதுக்கிய கற்களை இணைப்புக் கோடு ஆழமாகத் தெரியும்படி அடுக்கும் கட்டடப் பாணி அது. பலகையின் விளிம்பைச் சாய்வாகச் சீவி, இடையிடையே குறுக்காகப் பள்ளம் வெட்டி, அத்தோற்றத்தை மரத்திலும் வரவழைத்தார்கள். நியூபோர்ட்டில் பீட்டர் ஹாரிசன் வடிவமைத்து 1750இல் திறக்கப்பட்ட ரெட்வுட் நூலகம் இதே வேடத்தை முன்பே பூண்டிருந்தது. ஆகவே இந்தக் குற்றத்தில் வாஷிங்டன் முதல் எதிரி அல்லர்.

எஞ்சிய வேலை பெயிண்டருடையது. கடைசிப் பூச்சைத் தடிப்பாகப் பூசி, அது காயுமுன், ஒட்டுகிற மட்டும் மணலை வாரி அடிக்க வேண்டும். 1799 அக்டோபரில், அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்கு வடிவம் தந்த வில்லியம் தார்ன்டனுக்கு வாஷிங்டன் எழுதிய கடிதம், இதற்கு நீடித்து உழைப்பது, கல் தோற்றம் என இரு பயன்களைக் கூறுகிறது. அலங்காரத்துக்குப் பணம் செலவழிக்கும் எந்தக் குடும்பத் தலைவரும் உறுதியைத்தான் முதலில் சொல்வார் என்பதால், இந்த வரிசையில் வியப்பில்லை.

தூய வெண்மணல் அரிதாகவே கிடைக்கும் என்பதால், மென்மையான கட்டடக் கல்லை இடித்துச் சலித்து, நுண்தூசி மெல்லிய காற்றில் பறந்துபோகும்படி பிரித்தெடுத்ததாகவும் அவர் விளக்குகிறார். மரம் கல்லாகத் தெரிவதற்கு உண்மையான கல் பொடியாக வேண்டியிருந்தது! அகலிகை கதையில் துகள் பட்டுக் கல் பெண்ணாயிற்று. இங்கோ துகள் பட்டுப் பலகை கல்லாயிற்று, அதுவும் எந்த முனிவரின் சாபமும் இல்லாமல். (இடிப்பதும் சலிப்பதும் கடிதத்தில் எளிது; மாளிகையைச் சூழ்ந்த பண்ணையின் உழைப்பில் பெரும்பகுதி அடிமைகளுடையது.)

வெளியே கல்லான பைன், உள்ளேயும் தன் முகத்தோடு இருக்க விடப்படவில்லை. 1797இல் நடுக்கூடத்துப் பலகைகள்மீது மர ரேகை வரைந்து அவற்றை மஹோகனி ஆக்கினார்கள். இத்தகைய வீட்டின் தலைவர்தான், செர்ரி மரத்தை வெட்டியதை மறைக்கத் தெரியாத, பொய்யே சொல்ல வராத சிறுவனாகக் கதைகளில் வலம்வருகிறார். அந்தக் கதையும் அவர் மறைந்தபின் வீம்ஸ் என்ற பாதிரியார் தம் நூலின் 1806ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்ததே. மரத்தைக் கல்லென்று நம்பவைத்தவரின் பொய்ப்பற்களோ, நீர்யானைத் தந்தமும் ஈயமும் மனிதப் பற்களும் கொண்டு செய்யப்பட்டவை; அவை மரத்தாலானவை என்று இன்றும் பலர் அடித்துச் சொல்கிறார்கள்.