செஞ்சிக் கோட்டைச் சாவி

கேள்வி: ராணுவ ஹவில்தாருக்கும் ஹவாலா பணத்துக்கும் ஏதாவது சொந்தம் உண்டா?
– வாசகர், திண்டிவனம்

பதில்: ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான். ஒன்று உடுப்பு மாட்டியது, மற்றது தலைமறைவு! அரபியில் பிறந்த 'ஹவாலா'வுக்கு உருதுவில் 'பொறுப்பில் ஒப்படைத்தல்' என்று பொருள். 'தார்' பாரசீகம், வைத்திருப்பவர். ஒப்படைத்ததை வைத்துக் காப்பவரே ஹவில்தார்.

உங்கள் பக்கத்துச் செஞ்சியை 1677-ல் சிவாஜி பிடித்தார். மராட்டியக் கோட்டைகளில் சாவிக்கொத்து ஹவில்தாரிடம், கணக்கு சப்னிஸிடம், படை சர்நோபத்திடம். ஒருவரை மட்டும் விலைபேசிக் கோட்டையை வாங்கிவிட முடியாது. கெட்டிக்காரர்!

1698-ல் மொகலாயர் வசமானதும் பொறுப்பாளர் 'கில்லேதார்' ஆனார். 'கிலா' கோட்டை, அதே 'தார்'. கில்லேதார் சொரூப் சிங் இறந்ததும் மகன் தேசிங்கு, காவல் பொறுப்பை அப்பன் சொத்தாகவே எடுத்துக்கொண்டார். ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பாக்கி கேட்டார். 1714-ல் சண்டை, தேசிங்கு மடிந்தார். நமக்கு அவர் ராஜா. நவாப் கணக்கில் வெறும் பாக்கிதார்!

இப்போது கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில். போனால் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுங்கள்.