மேன்பவர் நாலு

ஜம்புலிங்க முதலியார் கொடுத்து வைத்தவர். 1930களில் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டார்; தண்ணீரோடு கறுப்பாய் ஏதோ வந்தது. சொல்ல வேண்டியவர்களிடம் சொன்னார், காட்ட வேண்டியவர்களிடம் காட்டினார். நெய்வேலி பிறந்தது. இன்றைக்கு இருந்திருந்தால் கணினியில்தான் புகார் பதிந்திருப்பார். கருவி: ஆழ்துளைக் கிணறு. பழுது: தண்ணீர் கறுப்பு. காரணம் என்ற கட்டத்தைத் தட்டினால் பட்டியல் ஒன்று தொங்கும்: தேய்மானம், இயக்கியவர் தவறு, மற்றவை. கிழவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு 'மற்றவை'யைத் தட்டியிருப்பார். மறுநாள் காலை, 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?' என்று செல்பேசி கேட்டிருக்கும். அந்த இடம் இன்னமும் முந்திரிக்காடாகவே இருந்திருக்கும்.

பழுப்பு நிலக்கரி எடுக்க 1956-ல் கம்பெனி பதிவாயிற்று. 1957-ல் நேரு வந்து சுரங்கத்தைத் தொடங்கி வைத்தார். சோவியத் உதவியோடு எழுந்த முதல் அனல் மின் நிலையத்தில் 1962-ல் 50 மெகாவாட் யூனிட் ஓடத் தொடங்கியது. யூனிட் யூனிட்டாகச் சேர்ந்து 600 மெகாவாட் ஆன அந்த நிலையத்தை ஒருவழியாக மூடியது 2020 செப்டம்பரில். ஏறக்குறைய அறுபது வருடம்! அதில் முக்கால்வாசிக் காலம் அங்கே பராமரிப்பு மென்பொருள் என்பது ஒரு ஸ்க்ரூ டிரைவர்தான். முனையை பேரிங் கூட்டின் மேல் வைத்து, பிடியைக் காது எலும்பில் அழுத்திக்கொண்டு ஃபிட்டர் கண்ணை மூடுவார். உள்ளே குண்டு உருள்கிறதா, நொறுங்குகிறதா என்று காது சொல்லும். பிறகு ஷிப்ட் லாக் புக்கில் கோணல் மாணலாக ஒரு வரி. அந்த வரியை எழுதியவனுக்குப் பேர் இருந்தது, கையெழுத்து இருந்தது. தப்பானால் நாளைக்குக் கூப்பிட்டுத் திட்ட ஓர் ஆள் இருந்தான்.

மென்பொருள் மேல் எனக்குப் பகை கிடையாது. இந்த ஊரின் வேலையைத் தலையில் மட்டும் வைத்துக்கொள்ள யாராலும் முடியாது. ஒரு டன் பழுப்பு நிலக்கரிக்காக அதைப்போலப் பல மடங்கு மண்ணை வாரிக் கொட்ட வேண்டும். அந்த மண்ணும் சாமானியமான மண்ணல்ல. கடலூர் மணற்பாறை, பக்கெட் வீலின் பல்லை மென்று துப்பும். கரிக்கு அடியில் அழுத்தத்தோடு ஊற்று நிற்கிறது. பம்புகள் ராவும் பகலும் இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே வரும். கிலோமீட்டர் கணக்கில் பெல்ட். பெல்ட்டுக்கு அடியில் வரிசை வரிசையாக ரோலர். ஒரு ரோலர் இறுகினால் பெல்ட் உரசும், சூடேறும், கரித்தூள் பற்றும். நெய்வேலிக் கரியில் பாதி ஈரம்தான், ஆனாலும் குவித்துப் போட்டுச் சும்மா விட்டால் தானே புகையக்கூடிய கோபக்காரக் கரி. எந்த ரோலரை எப்போது மாற்றினோம், எந்த வால்வு எத்தனை தடவை ஒழுகியது என்று நினைவு வைத்துக்கொள்ள ஒரு கணினி வேண்டும்தான்.

நினைவு வைத்துக்கொள்ளத்தானே வாங்கினார்கள்? அங்கேதான் கதை மாறுகிறது.

இனி நான் சொல்வது எந்த ஆலை என்று கேட்காதீர்கள். ஆலைகள்தான் வேறு வேறு, திரை ஒன்றுதான். முதலில் நோட்டிஃபிகேஷன். அது ஒர்க் ஆர்டராக வளரும். ரிலீஸ் ஆகும். ஸ்டோரில் சாமான் கேட்கும். பெர்மிட் போட்டு, லைன் கிளியர் வாங்கி, வேலை முடிந்தால் 'டெக்கோ'. டெக்கோ என்பது ஏதோ ஜப்பான் பலகாரம் அல்ல. எஸ்ஏபி என்ற ஜெர்மன் மென்பொருளில் 'தொழில்நுட்ப ரீதியில் முடிந்தது' என்பதற்கான நாலெழுத்துச் சுருக்கம். ஆலைத் தமிழில் அது வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது. 'டெக்கோ பண்ணிட்டியா?' என்று கேட்பார்கள். 'வால்வு நின்னுச்சா?' என்று கேட்கிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

மாதக் கடைசியில் ரிவ்யூ மீட்டிங். பெரியவர் திரையில் வண்ணம் பார்ப்பார். சிவப்பு இருந்தால் முகம் சிவக்கும். ஆகவே 28-ம் தேதி வரை ஒழுகிக்கொண்டிருந்த வால்வுகள் 30-ம் தேதி ராத்திரி ஒட்டுமொத்தமாகக் குணமாகும். எந்தக் கோயிலிலும் எந்தச் சாமியும் ஒரே ராத்திரியில் இத்தனை பேரைக் குணப்படுத்தியதில்லை. 1-ம் தேதி காலை அதே வால்வு அதே இடத்தில் அதே மாதிரி ஒழுகும். ஆனால் அது புது நம்பர், புது ஆர்டர், புது ஒழுகல். பழைய ஒழுகலுக்கு ஆயுள் முடிந்துவிட்டது. வால்வுக்கு மறுபிறவி தந்த பெருமை இந்துமதத்துக்கு அடுத்து இந்த மென்பொருளுக்கே சேரும்.

வருமுன் காக்கும் பராமரிப்பு என்று இன்னொன்று உண்டு. நோய் வரும் முன்பே நாடி பார்ப்பது. எண்ணெய் அளவு, அதிர்வு, சூடு, நட்டு இறுக்கம் என்று நாற்பது கேள்வி கேட்கும். நேராகப் போய்ப் பார்த்தால் அரை நாள் வேலை. ஏசி அறையில் உட்கார்ந்து, கீபோர்டுக்கு அடியில் ஒட்டி வைத்திருக்கும் பொதுப் பாஸ்வேர்டைப் போட்டால் ஒரு டீ ஆறுவதற்குள் நாற்பதும் 'ஓகே'. இதற்கு ஆலைக்காரர்களை மட்டும் திட்டிப் பயனில்லை, தேசமே இந்தப் படிப்பைப் படித்துவிட்டது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் கைபேசிச் செயலியில் வருகைப் படம் ஏற்றச் சொன்னார்கள். வேலைக்குச் சம்பந்தமில்லாத படத்தையும், படத்தையே படம் பிடித்தும் ஏற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட வேண்டியிருந்தது. அதற்குக் கண்ட மருந்து என்ன தெரியுமா? ஏற்றிய படங்களை ஆள் வைத்துச் சரிபார்ப்பது. பூனையைப் பிடிக்க இன்னொரு பூனை.

வெள்ளைக்காரன் மட்டும் யோக்கியமா என்றால், அவன் நம் அண்ணன். 2024 ஜனவரி 5 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸின் போயிங் 737 மேக்ஸ் விமானம் ஒன்றின் பக்கவாட்டுக் கதவு அடைப்பு நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. விசாரித்தால், தொழிற்சாலையில் ஆணிகளைச் சரிசெய்ய அந்த அடைப்பைத் திறந்திருக்கிறார்கள். திறந்ததற்கான பதிவு எழுதப்படவே இல்லை. எழுதியிருந்தால், மூடியபின் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தாக வேண்டும். பதிவு இல்லை, ஆகவே இன்ஸ்பெக்டரும் இல்லை. அடைப்பைப் பிடித்து நிறுத்த வேண்டிய 4 போல்ட்டுகளும் இல்லை. இத்தனைக்கும் அங்கே ஒன்றுக்கு இரண்டு மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றில் வேலையைப் பற்றிப் பேசினார்கள், மற்றதில் பதியவில்லை. திரை தன்னளவில் சுத்தம். வானத்தில்தான் ஓட்டை.

நெய்வேலிப் பக்கம் மந்தாரக்குப்பம் டீக்கடையில் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். ஊர் ஊராகப் போய் பாய்லர் ஓவர்ஹால் வேலை பார்ப்பவர், ஒப்பந்தத் தொழிலாளி. டியூப் லீக் ஆனால் உலை முழுக்க ஆறும் முன்பே சாரத்தில் ஏறி, ஒரு ஆள் படுத்தால் திரும்ப முடியாத இடத்தில் படுத்து, பழைய குழாயை அறுத்துப் புதியதைப் பற்றவைக்கிற கூட்டத்தில் ஒருவர். முழங்கைக்குக் கீழே வெல்டிங் பொறி பட்ட தழும்புகள், அம்மை போட்ட மாதிரி.

"அண்ணே, அந்த சாப்ட்வேர்ல உங்க பேரு எங்க வரும்?"

"எம் பேரா? மேன்பவர் நாலுன்னு வரும் தம்பி. அந்த நாலுல நான் ஒண்ணு."

சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் டீ இறங்கவில்லை.

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அந்தத் திரையில் நட்டுக்கு ஒரு எண் உண்டு. வால்வுக்கு எண், பிறந்த தேதி, செய்தவன் பேர், இதுவரை எத்தனை தடவை மாற்றினோம் என்ற ஜாதகம் எல்லாம் உண்டு. புகார் எழுப்பிய இன்ஜினீயரின் பேர் உண்டு, டெக்கோ பண்ணியவரின் பேர் மணி நிமிடத்தோடு உண்டு. உலைக்குள் படுத்தவனுக்கு மட்டும் பேர் கிடையாது. அவன் 'வெளிச் சேவை'. வாடகைக்கு எடுத்த கிரேன் எந்தத் தலைப்பில் வருமோ அந்தத் தலைப்பில் அவனும் வருவான். அளவு: 4. அலகு: எண்ணிக்கை. ரோலரின் கீச்சொலியை முதலில் கேட்கிறவன் அவன்தான், குழாய் மெலிந்திருப்பதை விரலால் தட்டிப் பார்த்தே சொல்கிறவனும் அவன்தான். ஆனால் அவனுக்கு லாகின் கிடையாது. அவன் சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும், சூப்பர்வைசர் கான்ட்ராக்டரிடம், அவர் ஷிப்ட் இன்ஜினீயரிடம். எல்லாம் கடந்து திரைக்கு வந்து சேரும்போது அவன் சொன்ன பத்து வார்த்தை 'மற்றவை' என்று ஒரே வார்த்தையாக வற்றிவிடும். கேட்கிற காதுக்கு விசை இல்லை, விசை இருக்கிற விரலுக்குக் காது இல்லை. இந்த ஏற்பாட்டுக்குக் கோடிக்கணக்கில் கொட்டி 'ஒருங்கிணைந்த தீர்வு' என்று பெயரும் வைத்துக்கொள்கிறோம்.

1970-ல் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதன் பெயரிலேயே 'ஒழிப்பு' என்ற சொல் இருந்தது. ஐம்பது வருடத்தில் ஒழிந்தது என்னவோ நிரந்தர வேலைதான். நெய்வேலியைச் சுற்றிய கிராமங்களில் போய்க் கேளுங்கள். தாத்தன் நிலம் கொடுத்தான், பேரன் கான்ட்ராக்டில் மண்வெட்டி பிடிக்கிறான் என்பார்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் வளர்ந்து நின்ற நெல்லுக்குள் சுரங்கத்துக்காகப் பொக்லைன்கள் இறங்கியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அந்த வேலைக்கு மட்டும் உதிரிபாகத் தட்டுப்பாடு, பெர்மிட் தாமதம், ஆள் பற்றாக்குறை எதுவும் குறுக்கே வரவில்லை. முன்னுரிமை எண் 1 என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தோம்.

உத்தரப்பிரதேசத்து ஊஞ்சஹார் அனல் மின் நிலையம் ஞாபகம் இருக்கிறதா? 2017 நவம்பர் 1. 500 மெகாவாட் யூனிட். உலைக்கு அடியில் சாம்பல் கட்டிக் குவிந்துகொண்டே போனது. யூனிட்டை நிறுத்தினால் மின்சாரம் போகும், கணக்குக் குறையும். ஓடிக்கொண்டிருக்கும்போதே சாம்பல் கட்டியை இடித்து எடுக்க ஆட்களை விட்டார்கள். உலை வெடித்து, சூட்டுக் காற்றும் சாம்பலும் பீய்ச்சியதில் 40-க்கு மேல் செத்தார்கள்.

அது வடக்கே. இங்கே, நம் வீட்டு வாசலில், 2020 மே 7. நெய்வேலி இரண்டாம் அனல் மின் நிலையம், 6-வது யூனிட்டின் கொதிகலன். 8 பேர் வெந்தார்கள், பலர் பிழைக்கவில்லை. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 1 காலை, அதே நிலையம், பக்கத்து 5-வது யூனிட்டை மறுபடி ஓட்டுவதற்கான வேலை நடந்துகொண்டிருந்தபோது கொதிகலன் வெடித்தது. அந்த இடத்திலேயே 6 பேர். அப்புறம் மருத்துவமனையிலிருந்து ஒருவர் பின் ஒருவராக. பசுமைத் தீர்ப்பாயம் இடைக்கால அபராதம் 5 கோடி என்றது. நான்கு யூனிட்டுகளை நிறுத்திப் பாதுகாப்புச் சோதனை என்றார்கள். மே 7-க்கும் ஜூலை 1-க்கும் நடுவில் 54 நாள் இருந்தது. இன்றைக்குச் சந்தையில் விற்கிற எந்தப் பராமரிப்பு மென்பொருளும், ஒரு யூனிட்டில் வந்த பழுதைப் பக்கத்து யூனிட்டிலும் தேடு என்று ஒரே சொடுக்கில் சொல்லும், அதற்குத்தான் அதை விற்கவே விற்கிறார்கள். சொடுக்க வேண்டியது மனுஷன்.

ஜூலை விபத்துக்கு மறுநாள் பத்திரிகையைப் பிரித்தேன். இறந்தவர்களின் பேர், வயது, ஊர் வரிசையாக இருந்தது. இறந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் உண்டு. வருடக்கணக்கில் 'எண்ணிக்கை' ஆக இருந்தவனுக்கு முதல் தடவையாக அச்சில் பேர். அப்பா பேரோடு. இழப்பீடு, வாரிசுக்கு வேலை என்று அறிவிப்பும் வந்தது. அப்பன் உயிரோடு கேட்டபோது நிதியில்லை, விதியில்லை என்ற வாய் அது.

அந்த 'எண்ணிக்கை' எங்கே விலைபோகிறது என்று அரசு கொள்முதல் சந்தை 'ஜெம்'மில் போய்ப் பாருங்கள், ஆள் சப்ளையும் விற்பனைக்கு இருக்கும், நாற்காலி மேசைக்குப் பக்கத்திலேயே. எல் ஒன்னுக்கே டெண்டர். குறைந்த விலை கேட்டவன் எங்கே குறைப்பான்? இரும்பின் விலையை அவனால் குறைக்க முடியாது, டீசலையும் முடியாது. ஹெல்மெட், பயிற்சி, கையுறை, பி.எஃப். என்று பார்த்துப் பார்த்துக் கிள்ளுவான்.

இந்த மாதிரி ஒப்பந்தங்களில் சின்ன எழுத்தில் இன்னொரு விதியும் இருக்கும். தினம் இத்தனை ஆள் வந்தாக வேண்டும், வராவிட்டால் ஒரு ஆளுக்கு இவ்வளவு என்று பில்லில் பிடித்தம். இதை மட்டும் மென்பொருள் துல்லியமாகச் செய்யும். யாரும் நினைவூட்ட வேண்டாம், யாரும் சொடுக்க வேண்டாம். காலை ஷிப்ட்டில் கேட் தாண்டி உள்ளே போன நாலு பேரில் ஒருவன் தீக்காய வார்டில் கிடக்கிறான் என்று வையுங்கள். மறுநாள் காலை கேட்டில் மூன்று அட்டைதான் உரசும். திரையில் அந்த வரி தானே நிறம் மாறும். தேவை: 4. வந்தது: 3. குறைவு: 1. பிடித்தம்: ஒரு நாள் கூலி, அபராதத்தோடு. காரணம் என்ற கட்டத்தில் ஏற்கெனவே நிரப்பி வைத்திருக்கும்: மற்றவை.