சிறுசெலவாற்றுப்படை

பெருநகரில் வேலைக்குப் போய்விட்ட நண்பர்களைப் பார்த்துவர, ஊரில் தங்கிவிட்ட ஒருவர் தம் இருசக்கர வண்டியில், பின்னிருக்கையில் ஆள் ஏற்றாமல், கையிருப்புக்குள் செலவை அடக்கிக்கொண்டு போய்த் திரும்புவதைச் சிக்கனத் தனிப்பயணம் என்று வரையறுக்கலாம். இந்த வரையறையில் பயணம் நடப்பது உண்மை; அது சிக்கனமாகவும் தனியாகவும் நடக்கிறது என்பதற்குத்தான், வேலூர் மாநகரின் சத்துவாச்சாரியிலிருந்து சென்னைக்கு வண்டி எடுப்போரின் வழக்கத்தை எவ்வளவு நெருங்கி ஆராய்ந்தாலும், சான்று அகப்படுவதில்லை.

சத்துவாச்சாரி வேலூரின் கிழக்குப் பகுதி. தனி நகராட்சியாக இருந்து 2011-இல் மாநகராட்சியோடு இணைந்தது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கேதான் இருக்கிறது. ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு போகும் சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை, எண் 48, இவ்வூர் இளைஞரின் மனத்தைப் பக்குவப்படுத்தியதில் பள்ளிக்கூடங்களைவிடப் பெரும்பங்கு வகித்திருக்கிறது: தயிர் வாங்கச் சாலையைக் கடக்க நிற்பவரும் கிழக்கே பறக்கும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டுதான் நிற்க வேண்டும்; அப்படி நிற்கிற நேரத்தில்தான் சோழிங்கநல்லூரில் இருக்கும் நண்பனின் நினைவு வருகிறது. விருந்தோம்பலிலும் இவ்வூருக்குப் பழைய பெயர் உண்டு. வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நெடுங்காலம் மூலவர் இல்லாமல் இருந்தபோது, இலிங்கம் சத்துவாச்சாரியில் வைக்கப்பட்டிருந்து, 1981-இல்தான் கோட்டைக்குத் திரும்பிற்று. கடவுளையே அத்தனை காலம் தங்கவைத்த ஊரில் பிறந்தவர், நண்பனின் அறையில் நான்கு நாள் தங்குவதை மிகை என்று கருதாததில் வியப்பில்லை.

இவ்வகைப் பயணத்துக்கு இலக்கண முன்னோடியும் உண்டு. பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞர் ஒருவர், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு கலைஞரை நிறுத்தி, இன்ன வழியாகப் போ, இன்ன ஊரில் இன்னது சாப்பிடக் கிடைக்கும், முடிவில் இன்னாரைப் பார், அவர் கொடுப்பார் என்று சொல்லி அனுப்புவதாக அமையும் நூலுக்கு ஆற்றுப்படை என்று பெயர். பத்துப்பாட்டில் சரிபாதி இந்த வகையே. அவற்றுள் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியில் இருந்த தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை அனுப்புவது. ஆகவே சத்துவாச்சாரியிலிருந்து காஞ்சிபுரம் பக்கமாக வண்டியைத் திருப்புகிறவர், தாம் அறிந்தோ அறியாமலோ தொண்டை நாட்டின் பழைய மரபைத்தான் பின்பற்றுகிறார். அந்நூலில் மிளகுப் பொதி சுமந்த கழுதைகள் சுங்கம் வாங்கும் பெருவழியில் வரிசையாகப் போகின்றன. வில்லேந்திய வீரர் வழியைக் காக்கின்றனர். வேடர், இடையர், உழவர், வலைஞர் எனக் குடிதோறும் பாணனுக்குச் சோறு கிடைக்கிறது, யாரும் பணம் கேட்பதில்லை. கடைசியில் பொற்றாமரையும் குதிரை பூட்டிய தேரும் கிடைக்கின்றன. இக்காலத்தில் அதே பணியை, போன மாதம் அந்த அறையில் தங்கித் திரும்பிய வேறொரு நண்பர் வாட்ஸ்அப் குரல்பதிவில் செய்துவிடுகிறார்: "மச்சி, பூந்தமல்லி தாண்டி பைபாஸ் புடிச்சிடு. ரூம் ரெண்டாவது மாடி. ஓனர் கேட்டா சித்தப்பா பையன்னு சொல்லு. ஞாயித்துக்கிழமை காலையில போவாத, பசங்க பதினோரு மணிக்குத்தான் ஏந்திருப்பானுங்க, டீ கூடக் கிடைக்காது." வழி, உணவு, புரவலனின் இயல்பு, அவனை அணுகும் முறை ஆகிய நான்கும் இதில் அடங்கியிருப்பதால், தேர் ஒன்றுதான் குறை, அதையும் பயணி மாதத் தவணையில் முன்பே வாங்கிவிட்டார்.

சிக்கனம் என்னும் அடையை முதலில் நோக்குவோம். சத்துவாச்சாரியிலிருந்து சென்னை ஏறத்தாழ 140 கிலோமீட்டர். போய்வருவதோடு நகருக்குள் அலைவதையும் சேர்த்தால் 350-ஐத் தாண்டும். நூறு சிசி வண்டி லிட்டருக்கு 55 கிலோமீட்டர் கொடுப்பதாக வைத்துக்கொண்டாலும் (விளம்பரத்தில் சொல்லப்படும் மைலேஜ் விளம்பரத்தில் மட்டுமே கிடைக்கும்), ஆறு லிட்டருக்கு மேல் பெட்ரோல் வேண்டும். லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிவிட்ட நாளில் இது 600 ரூபாய்க்கு மேல். காட்பாடிச் சந்திப்பில் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறிச் சென்ட்ரலில் இறங்கித் திரும்பிவரும் செலவு இதில் ஒரு பகுதியே. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து நின்ற இடம் இங்கே பக்கத்தில் இருக்கும் வாலாஜா ரோடுதான் என்பதை எண்ணினால், சிக்கனத்தை நாடும் இவ்வட்டாரத்தாருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே வழி செய்யப்பட்டுவிட்டது என்பது தெளிவு. "ஏன்டா, ட்ரெய்ன்ல போவக் கூடாதா?" என்று தாயார் எழுப்பும் கேள்வியும் இந்த வரலாற்று அடிப்படையில் எழுந்ததே. "அங்க போயி சுத்துறதுக்கு வண்டி வேணும்மா" என்பது அதற்கு வழிவழியாகச் சொல்லப்படும் மறுமொழி.

ஆயினும் பயணியின் கணக்கேட்டில் செலவு குறைவாகவே நிற்கிறது. அதற்குக் காரணம் அவர் கையாளும் கணக்குமுறை. புறப்படுவதற்கு முந்தின இரவு நிரப்பிய பெட்ரோல் 'வண்டிக்குப் போட்டது'. செயினுக்கு எண்ணெய் விட்டு, பிரேக்கைச் சரிபார்த்து, தேய்ந்த டயரை மாற்றியது 'எப்படியும் செய்ய வேண்டியது'. மழைக்கோட்டு 'வருஷம் பூராவும் உதவுவது'. வாலாஜாபேட்டைச் சுங்கச்சாவடியைத் தாண்டிய பிறகு சட்டைப் பையிலிருந்து எடுக்கும் பணம் மட்டுமே செலவு. இம்முறையைப் பட்டயக் கணக்காளர் எவரும் ஒப்ப மாட்டார் என்றாலும், வீட்டில் ஒப்புவிக்க இது போதுமானது என்பதே கட்டுரையாளரின் துணிபு.

தனி என்னும் அடையின் நிலை இதைவிட மோசம். பின்னிருக்கையில் ஆள் இல்லை என்பது மெய், இடமும் இல்லை. பாலாற்றை ஒட்டி வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் ஒருவர் பிறந்துவிட்டால், அவர் வங்கியில் எழுத்தராக இருந்தாலும் ஏதோ ஒரு ஷூ கம்பெனியின் பின்வாசல் அவருக்குத் திறந்திருக்கிறது என்று சென்னை நண்பர்கள் உறுதியாக நம்புகின்றனர். பயணச் செய்தி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் இடப்பட்ட ஐந்தாம் நிமிடத்தில் கால் அளவுகள் வரத் தொடங்குகின்றன. அவர்கள் விரும்புவது 'எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்', அதாவது வெளிநாட்டுக்கென்று தைக்கப்பட்டுத் தரச் சோதனையில் தள்ளப்பட்ட ஜோடி. இடக்கால் 'அப்பர்' வலக்காலைவிட ஓர் இழை கருத்திருக்கும் (அப்பர் என்பது பாதத்தை மூடும் மேல்தோல், தேவாரம் பாடியவர் அல்லர்), அல்லது குதிகால் பக்கம் தையலில் ஒரு கண்ணி விட்டிருக்கும், அல்லது சோல் ஒட்டிய ஓரத்தில் பசை நகத்தளவு வழிந்து காய்ந்திருக்கும். ஐரோப்பியர் கண்ணுக்குக் குற்றமாகப்பட்ட இது சென்னை நண்பருக்குச் சான்றிதழ். குறை தெரியாத ஜோடியைக் கொடுத்தால் அவர் அதை உள்ளூர்ச் சரக்கு என்று ஐயுறுகிறார். நண்பர் சொல்வது 8-ஆம் எண். பெட்டியில் அச்சிட்டிருப்பது ஐரோப்பிய அளவான 42. கடையில் இருப்பதோ எப்போதும் 40-உம் 45-உம். இரண்டுக்கும் நடுவில் உள்ள கால்களோடு பிறந்தவர்கள் இவ்வட்டாரத்தில் ஷூ வாங்க முடியாது என்று விதி ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை, ஆனால் நடைமுறை அதுவே.

பணம் கொடுப்பது யார் என்னும் சிக்கலும் இங்கே எழுகிறது. பாலாற்றில் தோல் கழிவு கலந்ததைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கான ஈட்டைத் தர வேண்டும் என்னும் கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று நிலைநாட்டியது; உலகெங்கும் சுற்றுச்சூழல் சட்டம் படிப்போர் இத்தீர்ப்பை அறிவர். செலவு வைத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று இதை நண்பர்களுக்கும் நீட்டலாமா என்றால், நீட்ட முடியவில்லை. "ஜிபே பண்றேன்டா" என்னும் வாக்குறுதி தீர்ப்பைவிடப் பழையது போலவும், நிறைவேற்றத்தில் அதைவிடத் தாமதமானது போலவும் தோன்றுகிறது.

பிரியாணியைப் பற்றிய கோரிக்கை புவியியலுக்கே எதிரானது. ஆம்பூர் பிரியாணி என்பது சீரகச் சம்பா அரிசியில், காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதிட்டு, விறகடுப்பில் தம் போட்டு இறக்கி, புளிப்பான கத்தரிக்காய்க் கொத்சுடனும் வெங்காயப் பச்சடியுடனும் பரிமாறப்படுவது. ஆம்பூர் சத்துவாச்சாரிக்கு மேற்கே 50 கிலோமீட்டர், சென்னையோ கிழக்கே. நண்பர்களின் மனத்தில் உள்ள வரைபடத்தில் இவ்விரண்டும் ஒரே சாலையில் இருப்பதால் (உண்மையில் ஒரே சாலையில்தான் இருக்கின்றன, திசைதான் வேறு) "வர்ற வழியில ஆம்பூர்ல ஒரு நாலு பிளேட் வாங்கிட்டு வா" என்று சொல்லிவிடுகின்றனர். கோரிக்கையை நேர்மையாக நிறைவேற்ற 100 கிலோமீட்டர் கூடுதலாகும். பிரியாணியும் சென்னையை எட்டுவதற்குள் ஆறி, கொத்சு பையின் அடியில் கசிந்து, புதிய 42-ஆம் எண் பெட்டிக்குள் இறங்கியிருக்கும். ஆகவே அனுபவமுள்ள பயணிகள் பூந்தமல்லிக்கு இப்பால் ஆம்பூர் பெயரைப் பலகையில் தாங்கிய கடை ஒன்றில் சூடாக வாங்கிக்கொண்டு போகின்றனர். "என்ன இருந்தாலும் ஊர்ல வாங்குறது தனி டேஸ்ட்டுடா" என்று நண்பர்கள் அதை உண்ணும்போது பயணி மறுப்பதில்லை. ஊர் எது என்று அவர்களும் கேட்பதில்லை. இவற்றுக்கு மேல், பயணச் செய்தி எப்படியோ எட்டிவிட்ட எதிர்வீட்டு அம்மாள், தாம்பரத்தில் இருக்கும் மகனுக்கு என்று ஒரு பை கொடுக்கிறார்; அதில் ஊறுகாய்ப் பாட்டில் இருப்பது தலைக்கவசத்துக்குள்ளும் மணக்கும்.

சாலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வாலாஜாபேட்டைச் சுங்கச்சாவடியில் இருசக்கர வண்டிக்குக் கட்டணம் கிடையாது. இடது ஓரத்தில் ஒதுக்கியிருக்கும் ஒடுங்கிய வழியில், ஃபாஸ்டேக் பட்டை வேலை செய்யாமல் ஆரன் அடித்துக்கொண்டு நிற்கும் கார்களைக் கடந்து போகும் அந்த அரை நிமிடம், மிளகுக் கழுதைக்கும் கிட்டாத பேறு. பிறகு காவேரிப்பாக்கம், ஓச்சேரி, தாமல், அதன்பின் பாலுசெட்டிசத்திரம், சுங்குவார்சத்திரம். சத்திரம் என்பது வழிப்போக்கர் காசில்லாமல் தங்கி உண்ணச் செல்வர்கள் கட்டிவைத்த அறநிலையம். நெடுஞ்சாலையில் அந்தப் பெயர்கள் ஊர்ப்பெயராக நிற்கின்றன, பக்கத்தில் கைப்பேசித் தொழிற்சாலைகளும் நிற்கின்றன, இலவசத்தை மட்டும் காணவில்லை. அதன் இடத்தில் பித்தளை டபராவில் 'கும்பகோணம் டிகிரி காபி' தரும் கடைகள் வந்திருக்கின்றன. கும்பகோணத்துக்குப் போகாத சாலையில் இத்தனை கும்பகோணம் காபிக் கடைகள் எப்படி வந்தன என்பது தனி ஆய்வுக்குரியது. சிக்கனப் பயணி அங்கே வண்டியை நிறுத்தி, டபராவைப் பெட்ரோல் டாங்கின்மேல் வைத்து ஒரு படம் எடுப்பதற்குள் காபி ஆறிவிடுகிறது. சூடாக வேண்டுமென்று இரண்டாவது காபி வாங்கப்படுகிறது.

சென்னையை அடைந்த பிறகுதான் பயணத்தின் கடினமான பகுதி தொடங்குகிறது. நண்பர்கள் ஒரே நகரில் இருக்கின்றனர் என்பது தபால்துறையின் கருத்து. ஒருவர் சோழிங்கநல்லூரில், ஒருவர் அம்பத்தூரில், ஒருவர் தாம்பரத்துக்கு அப்பால். முதல் இருவருக்கும் இடையே 30 கிலோமீட்டருக்கு மேல். அவர்கள் ஒருவரையொருவர் கடைசியாகப் பார்த்தது யாருடைய கல்யாணத்தில் என்பதிலேயே கருத்து வேறுபாடு நிலவுகிறது. வேலூரிலிருந்து ஒருவன் வண்டியிலேயே வந்திருக்கிறான் என்பதுதான் அவர்கள் கூடுவதற்குக் கிடைத்த ஒரே காரணம்; ஆகவே பயணி விருந்தினராக வந்து அமைப்பாளராக மாறி, யார் எங்கே எப்போது வருவது என்று தொலைபேசியில் பேசி முடிப்பதற்குள் சனிக்கிழமை போய்விடுகிறது. இரவு வேலை பார்க்கும் நண்பரின் அறையில் பகல் முழுவதும் அவர் உறங்குவதைப் பார்த்துக்கொண்டு, மின்விசிறிக்கு நேர்கீழே விரித்த பாயில் இவர் கிடக்கிறார். பக்கத்தில் காலியான 20 லிட்டர்த் தண்ணீர்க் கேன். கேன்காரருக்குப் பணம் கொடுக்கும் பொறுப்பு, கதவைத் திறக்க விழித்திருந்தவரையே சேரும் என்பது அறைகளின் எழுதப்படாத சட்டம். படியில் எதிர்ப்படும் வீட்டு உரிமையாளர், "நீங்க எந்த ஊரு சித்தப்பா பையன்?" என்று கேட்பதிலிருந்து, அந்த அறைக்குச் சித்தப்பா பையன்கள் நிறைய என்பது அவருக்கும் தெரியும் என்று விளங்குகிறது.

பாணனைப் போலப் பயணி பரிசோடு திரும்புவதில்லை. கைப்பேசியின் சார்ஜரை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்புகிறார். அவர் கொண்டுவருவது விருந்தோம்பும் கடமையை மட்டுமே, ஏனெனில் விடைபெறும்போது "அடுத்த லீவுக்கு நாங்க அங்க வர்றோம்டா" என்று நண்பர்கள் சொல்லிவிடுகின்றனர், அதையும் நிறைவேற்றிவிடுகின்றனர். ஒரு காரில் ஐந்து பேர் வருகின்றனர். ஸ்ரீபுரம் பொற்கோயில் ஒரு நாள், மறுநாள் ஏலகிரி. அம்மலைச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளுக்குப் புலவர்கள், கடையெழு வள்ளல்கள் ஆகியோரின் பெயர்கள் வைக்கப்பட்டுள்ளன; கபிலர், ஔவை எனப் புலவர்களைக் கடந்து பாரி, காரி, ஓரி, ஆய், அதியமான், நள்ளி, பேகன் என ஏழு புரவலரையும் வரிசையாகச் சுற்றி ஏறும் காருக்குப் பெட்ரோல் போட்டவர் சத்துவாச்சாரிக்காரர். போகிற வழியில் ஆம்பூர், இந்த முறை உண்மையாகவே போகிற வழியில். நான்கு பிளேட் எட்டாகிறது. ஐந்து பேருக்கும் மூன்று வேளை ஆட்டிய இட்லி மாவு மட்டும் இந்தக் கணக்குகளில் எதிலும் ஏறுவதில்லை. அந்தப் பேரேட்டைத் தாயார் தம்மிடமே வைத்திருக்கிறார். அடுத்த பயணத்துக்கு வண்டிச் சாவியை எங்கே வைத்தோம் என்று மகன் தேடும் காலையில் அதை எடுத்து, தேதிவாரியாக வாசிக்கிறார்.