அவியலுக்கு முழு மதிப்பெண்

குமரி மாவட்டத்துக் குழந்தைகள் இல்லங்களைக் கண்காணிக்க ஏற்பாடு இல்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 54-ஆம் பிரிவில், 3 மாதத்துக்கு ஒருமுறையாவது ஆய்வுக் குழு போக வேண்டும் என்கிறது. குறைந்தது 3 பேர், அதில் ஒரு பெண், ஒரு மருத்துவ அலுவலர். அன்றைக்கு அவியல் மணத்து, கட்டிலில் துவைத்த விரிப்பும் கிடந்தால் படிவம் நிறைந்துவிடும். அங்கே வளரும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் அரசு ஆஸ்பத்திரியும் என்ன செய்தன என்பது வேறு துறைகளின் கோப்பு. ‘கூரையாவது ஒழுகவில்லையே’ என்பார்கள். நியாயம்தான், நாஞ்சில் நாட்டு மழைக்கு அது பெரிய காரியம். ஆனால் 18 வயது முடிந்தால் பொதுவாக அந்தக் கூரையும் கிடையாது. வெளியேறுகிறவருக்குப் பண உதவி தர 46-ஆம் பிரிவு இடமளிக்கிறது. அது கைக்கு வந்ததா என்று கேட்க, கோட்டாற்றில் அவர் பிடித்திருக்கும் வாடகை அறைக்கு 54-ஆம் பிரிவின் குழு வராது.