மெக்கானிக் முன்னால் நல்ல பிள்ளை

ஒரேயடியாகக் கெட்டுப்போன வண்டியால் பெரிய தொந்தரவில்லை. கட்டி இழுத்துக்கொண்டு போய் ஒர்க்‌ஷாப்பில் விட்டால் முடிந்தது. ஆளைக் கொல்வது எப்போதாவது கெடும் வண்டிதான். அதிலும் மின்சாரக் கோளாறு. ராத்திரி முழுக்க எரியாத ஹெட்லைட் காலை வெயிலில் கண் கூசும்படி எரியும். மழையில் அசையாத வைப்பர், மழை விட்டதும் உற்சாகமாகக் கண்ணாடியைக் கீறும்.

என்னிடம் இருப்பது பிரீமியர் பத்மினி. ஃபியட் 1100இன் வாரிசாக மும்பை குர்லாவில் பிறந்தது. 1089 சிசி, ஸ்டீரிங் தண்டிலேயே கியர். சித்தூர் ராணியின் பெயரைத்தான் வைத்தார்கள் என்பார்கள். நான் இருக்கும் திருவனந்தபுரத்துக் கரமனையில் அந்தக் கதை எடுபடாது. இங்கிருந்து பூஜப்புரை கூப்பிடு தூரம். திருவிதாங்கூர் சகோதரிகள் லலிதா, பத்மினி, ராகினி மூவரும் அந்த ஊர்க்காரர்கள். அதனால் எங்கள் தெருவில் பத்மினி என்றால் ‘தில்லானா மோகனாம்பாள்’ பத்மினிதான். என் வண்டியின் இண்டிகேட்டர் தாளம் தப்பும்போதெல்லாம் எதிர்வீட்டு மாமா, “பூஜப்புரைக்காரிக்கு இன்னிக்குக் கால் வலியோ?” என்று விசாரிப்பார்.

மும்பையின் கடைசி பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றுவிட்டது. அங்கே டாக்ஸிக்கு 20 வயதுதான் வரம்பு. சொந்த வண்டிக்கு அப்படியில்லை. 15 ஆண்டு முடிந்தபின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். 2022 ஏப்ரலில் காருக்கான அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. அரசாங்கம் நாசூக்காகச் சொல்லிப் பார்க்கிறது. நமக்குத்தான் உறைக்கவில்லை.

எங்கள் பத்மினிக்கு வினை இடவப்பாதியோடு வந்தது. ஜூன் பிறக்கும்போது கூடவே வந்து இறங்குகிற தென்மேற்கு மழைக்கு இங்கே அதுதான் பெயர். பிரேக்கை மிதித்தால் டேஷ்போர்டு விளக்கு மங்கலாக எரிய ஆரம்பித்தது. இடது இண்டிகேட்டரைப் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து கண்ணடித்தது. ஹெட்லைட் போட்டதும் பெட்ரோல் முள் இடம் மாறியது. அதாவது டாங்க்கில் பகலில் ஒரு கணக்கு, இரவில் ஒரு கணக்கு.

கிள்ளிப்பாலம் பக்கத்து மெக்கானிக் ஆசானிடம் கொண்டுபோனேன். அவர் பிரேக்கை மிதித்தார். பிரேக் விளக்கு மட்டும் எரிந்தது. இண்டிகேட்டரைப் போட்டார், நட்டுவனார் எதிரில் நிற்கிற மாதிரி அது அட்சரம் பிசகாமல் அடித்தது. “இப்போ ஒரு கொழப்பமும் இல்லல்லோ சாறே” என்று சாவியைக் கையில் கொடுத்தார். அந்தக் குரலில் இருந்த பரிவு வண்டிக்கானதல்ல. திரும்பி வரும்போது கரமனை சிக்னலில் பிரேக்கைத் தொட்டேன். டேஷ்போர்டு மங்கலாகச் சிரித்தது. செல்போனில் படமெடுத்துக் காட்டலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். எடுத்தேன். போன் வெளியே இருக்கும்வரை ஒரு தப்பும் நடக்கவில்லை. பத்மினிக்குக் காமிரா புதுசா என்ன?

விமானங்களிலும் இதே கூத்துதான். சந்தேகத்தின் பேரில் கழற்றிய கருவியைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினால், ‘கோளாறு எதுவும் காணப்படவில்லை’ என்று எழுதித் திருப்பி அனுப்புவார்கள். கோடிகளைக் கொட்டுகிற கம்பெனிகளுக்கே இந்தக் கதி என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

இதற்குள் தெருவே ஆளுக்கொரு வைத்தியம் சொல்லத் தொடங்கிவிட்டது. பாட்டரியை மாற்று என்றார் ஒருவர். ஃப்ளாஷரை மாற்று என்றார் இன்னொருவர். வண்டியையே மாற்று என்றது வீட்டில் இருந்து வந்த குரல். மின்வாரியத்தில் இருந்து ஓய்வுபெற்ற அத்திம்பேர் மட்டும் டெஸ்டரோடு நேரில் வந்தார். பானட்டைத் திறந்துவைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, “ப்ளஸ் வர்றது புரியறது. நியூட்ரல் எங்கேடா இருக்கு?” என்றார்.

“கியர்லதான் இருக்கு அத்திம்பேர்.”

அன்று அவர் காப்பிகூடச் சாப்பிடாமல் போய்விட்டார்.

ஆனால் கேட்டது சரியான கேள்வி. வீட்டில் கரண்ட் போக ஒரு கம்பி, திரும்ப ஒரு கம்பி. காரில் போவதற்கு மட்டும்தான் கம்பி. திரும்பி வருவது வண்டியின் தகரம் வழியாக. பாட்டரியின் மைனஸை பாடியில் முடுக்கிவிட்டு, ஒவ்வொரு விளக்கையும் அது உட்காரும் இடத்துத் தகரத்தோடு சேர்த்துத் திருகிவிடுவார்கள். ஒர்க்‌ஷாப்பில் இதற்கு எர்த்து என்று பெயர். வண்டி புதிதாக இருக்கும்வரை பிரமாதமான ஏற்பாடு. வயதானபின் திருகுக்கும் தகரத்துக்கும் நடுவில் துரு வரும், துருவின்மேல் பட்டி, பட்டியின்மேல் பெயிண்ட். வெளியே பார்க்க வண்டி பளபளவென்றிருக்கும். கரண்ட்டுக்கு மட்டும் கதவு சாத்தியிருக்கும். மழை ஈரத்தில் ஒரு நிமிஷம் திறக்கும், மறு நிமிஷம் மூடும்.

பிரேக் விளக்குக்குப் போன கரண்ட்டுக்கு அந்தத் திருகு வழியாக இறங்க முடியவில்லை. கல்யாண மண்டபத்து வாசலில் கூட்டம் என்று கொல்லைப்புறமாகச் சமையல்கட்டுக்குள் நுழைகிற உறவினர் மாதிரி, அது பக்கத்துப் பின்விளக்கின் இழையில் தலைகீழாக ஏறி, டேஷ்போர்டு விளக்குவரை நடந்து, அங்கே இறங்குகிறது. போகிற வழியிலுள்ள பல்பெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் எரிகிறது. வண்டிக்குப் பைத்தியம் ஒன்றும் பிடிக்கவில்லை. கரண்ட் வீடு திரும்ப வழி தேடுகிறது, அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய வேடிக்கை எஞ்சினில் இருந்தது. எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் பாடிக்கும் நடுவே பின்னல் பட்டை ஒன்றைப் போட்டிருப்பார்கள். செல்ஃப் மோட்டார் எடுப்பது 100 ஆம்பியருக்கு மேல். அத்தனையும் திரும்ப வேண்டியது அந்தப் பட்டை வழியாகத்தான். எங்கள் வண்டியில் பட்டை இற்று நாலைந்து இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் செல்ஃப் அடித்தபோது சோக் கம்பியிலிருந்து புகை வந்தது. எஞ்சினையும் பாடியையும் தொட்டுக்கொண்டிருக்கும் இன்னொரு உலோகம் அதுதானே. கரண்ட் அதில் ஏறிவிட்டது. கூடியிருந்தவர்கள் ஒரே குரலில், “சோக்கை மாத்துங்கோ” என்றார்கள்.

டெஸ்ட் லாம்ப்பை நம்பி இந்த வேலையில் இறங்கக் கூடாது என்பது என் கட்சி. ஒற்றை இழை மிஞ்சிய வயரும் மீட்டரில் 12 வோல்ட் காட்டும், குட்டி டெஸ்ட் லாம்ப்பையும் ஏற்றிவிடும். சுமை ஏறினால்தான் சாயம் வெளுக்கும். 60 வாட் ஹெட்லைட்டுக்கு ஓடுவது 5 ஆம்பியர். வழியில் அரை ஓம் தடை இருந்தால் 2 வோல்ட் போய்விடும். வெளிச்சம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஆகவே விளக்கை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பாட்டரி மைனஸிலும் மறுமுனையை பல்ப் ஹோல்டரின் உடம்பிலும் வைத்துப் பார்க்க வேண்டும். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டினால் எர்த்து நல்லது. எங்கள் பின்விளக்கு ஹோல்டரில் 3 வோல்ட் காட்டியது. கையால் வயரைக் குலுக்கினேன், முள் ஆடியது. முதல்முறையாகக் கோளாறு ஒரு சாட்சி முன்னிலையில் நடந்தது.

ஃபியூஸ் தனிக் கதை. பழைய ஃபியட் ஜாதியில் கண்ணாடி ஃபியூஸ் கிடையாது. இருமுனையும் கூரான பீங்கான் துண்டின் முதுகில் ஓர் உலோகப் பட்டை ஓடும். அது எரிந்து போவதைவிட, கவ்வியில் பச்சை பூத்து ஒட்டாமல் இருப்பதே அதிகம். விரலால் ஒரு திருப்பு திருப்பினால் வைப்பர் ஓடும். கடல் காற்றடிக்கும் ஊரில் அந்தத் திருப்பலை ஒரு வைத்தியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கவ்வியைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும்.

பழைய வண்டிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாட்டரிக் கடைக்குப் போவதற்கு முன்னால் ஹார்டுவேர் கடைக்குப் போய் ஓர் உப்புத்தாளும், பக்கத்து மருந்துக்கடையில் ஒரு சின்ன டப்பா வாசலைனும் வாங்குங்கள். பாட்டரி மைனஸ், எஞ்சின் பட்டை, விளக்குகளின் திருகு எல்லாவற்றையும் கழற்றி, தகரம் தெரியத் தேய்த்து, முடுக்கி, மேலே வாசலைன் தடவுங்கள். அதற்கப்புறமும் கோளாறு இருந்தால் மெக்கானிக்கிடம் போங்கள். மழையில் போங்கள்.